வாயாலேயே நடத்திய யுத்தம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் வாயாலேயே ஒரு யுத்தம் நடத்தினேன். துப்பாக்கி வெடித்ததும் நான்தான், குண்டு பட்டு விழுந்ததும் நான்தான், ஆகாயத்தில் உறுமிக்கொண்டு வந்த வண்டியும் நான்தான். அந்த நாலு மணி நேரத்தில் பெரியப்பாவையும் அத்தையையும் நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று வெகுகாலம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதிக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பள்ளிக்கூடம் விட்டால் நான் எங்கள் வீட்டில் புத்தகப் பையை எறிந்துவிட்டுப் பெரியப்பா வீட்டுக்கு ஓடிவிடுவேன். காரணம் பெரியப்பாவும் இல்லை, பெரியம்மா தரும் தீனியும் இல்லை. பெரியப்பாவின் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது ஒரு கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போயிருந்தான். அதற்குள் ஓர் ஆட்டம் இருந்தது. அதை அவன் தங்கை, எனக்கு அக்கா, ஆடுவாள். காஞ்சிபுரத்தில் காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன்.

அது முந்நூறு வருஷம் கழித்து வரப்போகிற ஊர் என்றாள் அக்கா. கடலுக்கு மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாம்தான் அங்கே ஒரு படைவீரன். ஆனால் அவனுடைய முகம் கடைசிவரைக்கும் தெரியாது. துப்பாக்கி பிடித்த வலது கையும், உறை போட்ட இடது கையும் மட்டும் திரையில் நீட்டிக்கொண்டிருக்கும். அவனுக்கு மூஞ்சி உண்டா, மீசை உண்டா, பல் தேய்க்கும்போதாவது கண்ணாடி பார்க்கமாட்டானா என்று நான் நச்சரித்துக்கொண்டே இருப்பேன். வாயை மூடிக்கொண்டு பார்ப்பதென்றால் உட்கார், இல்லாவிட்டால் எழுந்து போ என்பாள். உட்கார்ந்துகொள்வேன்.

வித்தையெல்லாம் அந்த இடது கையில்தான் இருந்தது. உள்ளங்கையை நீட்டினால் எதிரி சுட்ட குண்டுகள் வழியிலேயே நின்றுவிடும். அவற்றைத் திருப்பி அவன் மேலேயே எறியலாம். கையை மேலே தூக்கினால் கூரை தரையாகிவிடும்; தலைகீழாக நடந்து போகலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது மழை வித்தை. மழை கொட்டும்போது விரலைச் சொடுக்கினால் துளிகள் அப்படியே அந்தரத்தில் உறைந்து நிற்கும். படிக்கட்டில் ஏறுவது போல அவற்றின் மேல் கால் வைத்து ஏறி மாடிக்குப் போய்விடுவாள் அக்கா. அக்காவுக்குப் பிடித்தது வேறு. அதை அவள் டம்மி என்பாள். இடது கையை உதறினால் நம்மைப் போலவே ஒருவன் அங்கே நின்று சுட்டுக்கொண்டிருப்பான். எதிரிகளெல்லாம் அவன்தான் நிஜம் என்று அவனையே தாக்குவார்கள். நிஜ ஆள் பின்பக்கமாக நழுவிப் போய்விடலாம்.

மற்றவர்கள் ஜெயிப்பதற்கு ஆடுவார்கள். அக்கா தப்புக் கண்டுபிடிக்க ஆடினாள். ஒரு சுவர் ஓரமாக நின்று இரண்டு தரம் குதித்தால் வீரன் பூமிக்குள் புதைந்துபோவான்; அதே இடத்துக்கு இருபது தரம் போய்ப் புதைந்து பார்த்து, பெரிய நோட்டில் எழுதிவைப்பாள். ஒரு நாள் என் தலையைப் பிடித்துத் திரையின் பக்கம் திருப்பினாள்.

"வெயிலு இந்தப் பக்கத்துலருந்து அடிக்குது. டம்மியோட நெழலும் இந்தப் பக்கமே வுழுது பாரு. செஞ்சவன் கவனிக்கல."

எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பெரியப்பா அந்த அறைப் பக்கம் வருவதில்லை. ஒரே ஒரு தரம், பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தவர், காலி கேனும் கையுமாக வாசற்படியில் நின்று பார்த்தார். அக்கா மழையை நிறுத்தி ஏறிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இந்த ஊரில் நெல் எங்கே விளைகிறது என்று கேட்டார். அங்கே யாரும் சோறு சாப்பிடுவதில்லை, மாத்திரைதான் என்றாள் அக்கா. அப்படியானால் இவ்வளவு மழைத் தண்ணீரும் எந்த ஏரிக்குப் போகிறது என்று அடுத்த கேள்வி. அவர் போனதும் அந்தக் கேள்வியையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த மாசி மாதம் அக்காவுக்கு ஒரு செய்தி வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி. புது ஆட்டங்கள் வெளியே வருவதற்கு முன்னால் ஆடிப்பார்த்துத் தப்புக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு ஆள் எடுக்கிறார்கள். சனிக்கிழமை நேரில் வந்து பரீட்சை எழுத வேண்டும். அவளுக்கென்றே யாரோ ஏற்படுத்திய வேலை மாதிரி இருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் நைனாவிடம் காட்டினாள். பெரியப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்தார். இன்னும் ஒரு நாள் யோசிக்க விட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பார். அதற்குள் மாகறலிலிருந்து அத்தை வந்து இறங்கிவிட்டாள்.

அத்தை பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் மூத்தவள். அறுப்பு முடிந்தால் முதல் மூட்டை நெல் பிறந்த வீட்டிலிருந்து அவளுக்குப் போக வேண்டும். கொடுத்தனுப்பினால் ஏற்கமாட்டாள், தானே வந்து, நெல் காய்கிறவரைக்கும் கூட இருந்து, கடித்துப் பார்த்து, தனக்குப் பிடித்த குவியலிலிருந்துதான் எடுத்துப் போவாள். அந்த வருஷம் மூட்டையோடு அக்காவையும் தன் மகனுக்குக் கேட்டு வாங்கிப் போகலாம் என்று வந்திருந்தாள். வேலை விஷயம் காதில் விழுந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தாள். மெட்ராசுக்குப் போய் ஆட்டம் ஆடிச் சம்பாதிக்கிற பெண் தன் வீட்டுக்கு வேண்டாம் என்றாள்.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டே, "அவ எங்கியும் போவமாட்டா" என்றார்.

எங்கள் வீட்டில் அத்தைக்கு முன்னால் சொன்ன சொல் பத்திரம் ரிஜிஸ்டர் ஆன மாதிரி. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்த தம்பிகளைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் முகத்துக்கு எதிராகப் பெரியப்பா ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கும் அழுகை வந்தது. யாராவது ஏதாவது செய்யமாட்டார்களா என்று இருந்தது.

செய்தவள் பெரியம்மா. வெள்ளிக்கிழமை மாட்டுக் கொட்டாயில் வைத்து மூன்று பேரும் பேசினோம். பரீட்சைக்குப் போய்விட்டு வரட்டும், வந்த பிறகு நடப்பது நடக்கட்டும் என்றாள் பெரியம்மா. அக்கா காலையில் கிளம்பினால் சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸில் திரும்பிவிடலாம். அதுவரைக்கும் அவள் அறைக்குள் ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று அத்தையும் பெரியப்பாவும் நம்ப வேண்டும். அக்கா என் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"நாளிக்கு நீதான் என் டம்மி. கதவத் தொறக்காத. சத்தம் மட்டும் நிக்கவே கூடாது. நின்னா நான் செத்தேன்."

எனக்குப் பெருமையில் தலை கால் புரியவில்லை.

சனிக்கிழமை காலை பெரியப்பா பால் ஊற்றப் போன நேரம், அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து அக்கா கொல்லை வழியாக வரப்பில் இறங்கிப் போனாள். எங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அடுத்த ஊர் நிறுத்தத்துக்கு நடந்தே போனாள். நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஆட்டத்தைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். நோட்டில்லாத அலமாரி ஒரு மாதிரியாக இருந்தது.

தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம். இடுக்கில் கண்ணை வைத்தால் எல்லாம் தெரியும். வீட்டுக்கு முன்னால் தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. எங்களுடையது மட்டுமில்லை, தெருவில் ஏழெட்டு வீட்டு நெல். அத்தை எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோழி ஓட்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா இரண்டு பேருக்கான நாஷ்டாவைத் தட்டில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி என் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். எட்டு இட்லியும் நானே தின்றேன்.

அக்கா பஸ்ஸையும் ரயிலையும் நைனாவையும் அத்தையையும் எல்லாவற்றையும் யோசித்தாள். மின்சார வாரியத்தை யோசிக்கவில்லை. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலை பத்து முதல் இரண்டு வரைக்கும் கரண்டை நிறுத்துவார்கள். அந்த மாதத்துக்கு அந்தச் சனிக்கிழமைதான் வாய்த்தது.

பத்து மணிக்கு ஃபேன் நின்றது. கம்ப்யூட்டருக்குக் கீழே யூபிஎஸ் என்று ஒரு பெட்டி இருந்தது, பேருக்கு. கீச் கீச்சென்று இரண்டு தரம் கத்திவிட்டு அதுவும் கண்ணை மூடியது. அதன் பேட்டரி செத்து ஆறு மாதமாகியிருந்தது. பெரியப்பாவே பைக்கில் கட்டி உத்திரமேரூர் கடைக்கு எடுத்துப்போய், இனி தேறாது என்ற பதிலோடு திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

திரை கறுத்தது. வீடு முழுக்க அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. சத்தம் நின்றால் நான் செத்தேன் என்று அக்கா சொன்னது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. வாயைத் திறந்தேன். டுப் டுப் டுப் டுப். டுமீல்.

கரண்ட் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஓடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வெளியில் இருப்பவர்களுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை. தினமும் பார்த்த ஆட்டம் என்பதால் ஒவ்வொரு சத்தமும் எனக்கு மனப்பாடம். குண்டு அந்தரத்தில் நிற்கும்போது வரும் ரீங்காரம், கூரை தரையாகும்போது வயிற்றைப் புரட்டுகிற அந்த உறுமல், எதிரி சாகும்போது விடுகிற "ஆவ்". டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டால் ஆகாய வண்டி அசலாக வரும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் பயம்கூடக் கொஞ்சம் குறைந்தது.

வெளியில் அத்தை காதைத் தீட்டிக்கொண்டாள். இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

"கரண்டுதான் பூட்ச்சே. அது எப்டி ஓடிக்கினு கீது?" என்றாள்.

பெரியப்பா நடையை நிறுத்தாமல், "அதுக்குன்னு ஒரு பேட்டரி பொட்டி கீது. சாயங்காலம் வரிக்கும் தாங்கும்" என்றார்.

பேட்டரி செத்துப்போனதை மனுஷன் சுத்தமாக மறந்துவிட்டார், நம் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். உற்சாகத்தில் இன்னும் ஐந்து எதிரிகளைச் சுட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் என் தொண்டை கட்ட ஆரம்பித்தது. எதிரிகள் எல்லோருக்கும் சளி பிடித்தது போலச் செத்தார்கள். அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது யாரோ வாயால் கத்துகிற மாதிரி இருக்கிறதே என்றாள். புது மாதிரி ஆட்டம், அப்படித்தான் கத்தும் என்றார் பெரியப்பா. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பெரியம்மா வேறு அந்த நேரம் வயலில் ஆட்களுக்குச் சோறு கொண்டுபோயிருந்தாள். காலையிலிருந்து பெண் முகத்தைக் காட்டவில்லை, போய் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று அத்தை நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அவள் கால் மெட்டிச் சத்தம் கூடத்தில் கேட்டது. பிறகு கதவுக்கு வெளியிலேயே கேட்டது. கதவைத் தட்டினாள். நான் துப்பாக்கியை நிறுத்தினேன். நிறுத்தக்கூடாதே என்று மறுபடி ஆரம்பித்தேன். பயத்தில் ஆகாய வண்டியும் சாகிற எதிரியும் ஒன்றாகக் கலந்து ஏதோ கன்றுக்குட்டி கத்துவது போல வந்தது. அக்கா தொலைந்தாள், எல்லாம் என்னால்தான் என்று கண்ணில் நீர் முட்டியது. அத்தை கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் ஆடியது.

அப்போதுதான் தெருவிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "மழ வர்து. எல்லாம் ஓடியாங்க, மழ வர்து."

காய்கிற நெல்லுக்கு எதிரில் அந்த ஒரு வார்த்தை போதும். அத்தை கதவை விட்டுவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். எதிர்வீடு, பக்கத்துவீடு, கோடிவீடு எல்லாம் ஓடிவந்தது. தட்டில் கை வைத்தவர்கள் அப்படியே எழுந்து வந்தார்கள். பலகையால் தள்ளி, முறத்தால் வாரி, தார்ப்பாய் போட்டு மூடி, காற்றில் பறக்காமல் கல் வைத்து, தெரு முழுவதும் முக்கால் மணி நேரம் வேர்த்து விறுவிறுத்தது. நான் இடுக்கு வழியாக வானத்தைப் பார்த்தேன். ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. வெயிலில் கண் கூசியது.

கடைசித் தார்ப்பாயை மூடிய பிறகுதான் மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கே மழை என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். தெற்கே இடி இடித்த மாதிரி இருந்தது என்றார் பெரியப்பா. யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி நெல்லைப் பரப்பினார்கள். பெரியப்பா வானத்தைப் பார்த்துச் சொன்னால் தப்பாது என்று சுற்று வட்டாரத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் தெருவில் அவரைக் கேட்காமல் யாரும் நெல்லை வெளியே கொட்டமாட்டார்கள். அந்தப் பெயர் அன்றைக்கு நாறிப்போனது. ஒரு மாதம் வரைக்கும் டீக்கடையில் அவர் தலை தெரிந்தால் குடை விரித்துக் கிண்டல் செய்தார்கள். அவருக்கு வயதாகிவிட்டது என்று நானும்தான் பரிதாபப்பட்டேன். அத்தைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்தவள் நாலு மணி வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. எனக்குக் குரல் போயிருந்தது. மிச்ச நேரத்துக்கு யுத்தத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொண்டது. நாலு மணிக்கு மேல் பெரியப்பா வந்து அத்தையைக் கூப்பிட்டார். ஏரிக்கரைப் பக்கம் வேர்க்கடலை போட்டிருக்கிறேன், நீ இன்னும் பார்க்கவில்லையே என்றார். இடுப்பு வலி என்று அவள் மறுத்தும் விடாமல், பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். அவர்கள் போய் இருபது நிமிஷத்தில் அக்கா கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்தாள். என்னைத் தூக்கிச் சுற்றினாள். கம்பெனிக்காரர்கள் கேட்ட அத்தனைக்கும் பதில் எழுதியதாகவும், நோட்டை வாங்கி வைத்துக்கொண்டதாகவும் மூச்சு விடாமல் சொன்னாள். நேரம் எவ்வளவு அழகாக அமைந்தது பார் என்று நானும் பெரியம்மாவும் வியந்துகொண்டோம்.

பொழுது சாயும் நேரம் பெரியப்பா ரோட்டில் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார். அத்தை உள்ளே இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் ஜெயித்த படைத்தளபதி மாதிரி வெளியே வந்து, குவியல் ஓரமாக உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், பலகையைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"இன்னா பாப்பா, உங்கக்கா கெலிச்சாளா?"

ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எச்சரிக்கையாகத்தான் பதில் சொன்னேன். குரல் போன தொண்டையால், "இன்னும் தெரியாது பெரியப்பா. ஒரு வாரத்துல போன் பண்ணி சொல்றேன்னாங்களாம்" என்றேன். சொல்லி முடித்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

பலகை நின்றது.

"ஒரு வாரமா?" என்றார். "அதுக்குள்ள உங்க அத்த ஊருக்குப் பூடுவா."

பிறகு மறுபடி தள்ள ஆரம்பித்தார். ஆட்டத்தில் ஜெயிப்பதற்கும் அத்தை ஊருக்குப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. உள்ளே ஓடிப்போய், அவர் கேட்டதையும் நான் சமாளித்ததையும் அவர் சொன்னதையும் அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன். பெரியப்பாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியவில்லை, பாவம் என்றேன். அக்கா முதலில் சிரித்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பரீட்சையைச் சரியாக எழுதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.